அகப்பை தேய்ந்த பக்கம்

கப்பலின் வலது பக்கத்துக்கு ஸ்டார்போர்டு என்று பெயர். இதைச் சொல்கிற நான் கப்பல் ஏறியவனில்லை. கடலையே ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். மெட்ராஸில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெயிலில் நின்று. அந்தச் சொல்லை நான் தெரிந்துகொண்டது நம் மர்பி டவுனில், எங்கள் வீட்டுக் கூடத்தில், பிதுக்குப் பருப்புக் குழம்பு வாசனைக்கு நடுவில்.

நம் வயசுக்காரர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். கையெழுத்துப் போடுவதற்கு மேல் எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று அவள் ஆபீசில் பயந்துகொண்டிருக்கிறார்களாம். எனக்கு வரப்போவது அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. போனதெல்லாம் பளிச்சென்று தெரிகிறது.

ஏரியை நினைவிருக்கிறதா? இப்போது கம்பி வேலி போட்டு, வாத்து மாதிரி பெடல் படகு விட்டிருக்கிறார்களே, அந்த ஏரியைச் சொல்லவில்லை. யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத அந்த வருஷத்து ஏரி. தை மாதக் காலையில் எது தண்ணீர், எது பனி என்று தெரியாது. எருமைகள் வயிறு வரைக்கும் வெள்ளையில் நின்றுகொண்டிருக்கும். எங்கோ பட்டாளத்துக்காரர்கள் பியூகிள் ஊதுவார்கள். அந்தச் சத்தம் தண்ணீரின் மேல் ஊர்ந்து வந்து காதுக்குள் நுழையும்போது குளிரும். எனக்கு அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டு. முழங்காலுக்குக் கீழே தொங்கும். அதன் பையில் ஒரு பச்சைக் கண்ணாடிக் கோலி வைத்திருந்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கொடி சுருண்டு கிடக்கும். அது எங்கே போனது என்று இன்றைக்கும் சில சமயம் படுத்துக்கொண்டே தேடுகிறேன்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். அப்பா மிலிட்டரி டிப்போவில் கூடாரம் தைத்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு துரை வீட்டில் ஆயா. விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். அப்புறம் அத்தை, அப்பாவின் தங்கை. சமையல், தண்ணீர் பிடிப்பது, என் தலைக்கு எண்ணெய் வைப்பது எல்லாம் அத்தைதான். எல்லாமே பீச்சாங்கையால்.

அவள் போடுகிற கோலத்தில் சுழி மறுபக்கம் சுழலும். தெருவில் போகிற பெண்கள் நின்று பார்த்து, எங்கேயோ தப்பு இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்கிற முகத்தோடு போவார்கள். நம் தெருக் கோடியிலிருந்த புளியமரத்தில் எந்தக் கொம்பைக் காட்டினாலும் ஒரே கல்லில் காய் விழும். அம்மியில் அவள் அரைத்தால் வளையல் சத்தம் கூட வேறு மாதிரி கேட்கும். எனக்கு அது பெருமை. அப்பாவுக்கு அது தலைவலி. பெண் பார்க்க வந்த இடமெல்லாம் அந்தக் கையில்தான் முடிந்தது. ஒருவருக்கு அவள் பீச்சாங்கையால் தண்ணீர் நீட்டிவிட்டாள். இன்னொருவர் வீட்டுக்காரர்கள், சாமி பிரசாதத்தை அந்தக் கை தொட்டதா என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். வேணுமென்று செய்ததில்லை. எதற்கும் அந்தக் கைதான் முதலில் போய் நிற்கும்.

அந்தத் தையில் ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் கப்பலில் கலாசி. யுத்தகாலம் பூராவும் கடலில் இருந்துவிட்டு வந்திருந்தான். பம்பாயிலிருந்து அடுத்த கப்பலுக்குக் கூப்பிடும் வரைக்கும் நம் ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளுகிற படகில் வேலை. அவனுடைய அம்மா மில்லில் நூல் பிரிவில் இருந்தாள். அப்பன் இல்லை.

இந்தத் தடவை தப்பக் கூடாது என்று அப்பா ஒரு யோசனை செய்தார். டிப்போவிலிருந்து கொண்டுவந்த காடாத்துணியை நீளமாகக் கிழித்து, மஞ்சளில் நனைத்து, அத்தையின் இடது கையில் விரலிலிருந்து முழங்கை வரைக்கும் சுற்றச் சொன்னார். சுடுதண்ணீர் கொட்டிவிட்டதாம். கட்டிய கை தானாக முன்னால் போகாது அல்லவா?

"எத்தினி நாளைக்கிண்ணா?" என்றாள் அத்தை.

"தாலி ஏறுற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் அவம் பாடு."

அன்றைக்கு ராத்திரி கட்டைப் பிரிக்கும்போது, அத்தை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார்கள். அத்தை வலது கையால் காப்பி கொடுத்தாள். டபரா நடுங்கியதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். வெற்றிலை மாற்றிக்கொண்டாயிற்று. இனி ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டார் வந்து கை நனைக்க வேண்டும். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கை நனைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்தமாதிரி. அதுவரை வீட்டுக்குள்ளேயும் கட்டைப் பிரிக்கக் கூடாது, வலது கை பழகட்டும் என்றார் அப்பா. பாவம், அத்தை வலது கையால் கிளறிய களியில் கட்டி கட்டியாக மாவு நின்றது. அப்பா அதையும் விழுங்கினார். பகலில் அப்பாவும் அம்மாவும் இல்லாதபோது, கட்டிய கையின் விரல் நுனியிலேயே அகப்பையைப் பிடித்து அவள் குழம்பு கிளறுவதை நான் பார்ப்பேன். என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள்.

அந்த அகப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டாங்கச்சியில் மூங்கில் காம்பு செருகியது. சட்டியின் அடியில் உரசி உரசி எல்லா வீட்டு அகப்பையும் ஒரு பக்கம் தேய்ந்து சரியும். உங்கள் வீட்டில் இருந்திருந்தால் அதுவும் அப்படித்தான் தேய்ந்திருக்கும். எங்கள் அகப்பை மறுபக்கம் தேய்ந்திருந்தது. அதன் விளிம்பு பிறை மாதிரி மெலிந்து, அடுப்பு வெளிச்சத்துக்குக் காட்டினால் தேன் நிறத்தில் தெரியும். அது எங்களுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

கை நனைக்க அவர்கள் வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவரைக்காய் காலம். முதல் நாள் ராத்திரியே ஊறவைத்து, நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பிதுக்கிய பருப்பு. தோல் உரியும்போது விரலில் ஒரு பச்சை வாசனை ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கும் மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் அவரைக்காய் மூட்டை பிரித்தால் எனக்கு அந்த மத்தியானம்தான் வருகிறது.

அம்மா பரிமாறினாள். அத்தை அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால். மாப்பிள்ளை குழம்பு கேட்டார். மாமா என்றே சொல்கிறேன், அப்புறம் அவர் எனக்கு மாமாதானே. அம்மா சட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். மாமா அகப்பையை எடுத்தவர், குழம்பை ஊற்றிக்கொள்ளாமல், அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"யாரு சமையல்?"

"நாந்தான்" என்றாள் அம்மா.

மாமா அம்மாவின் கையைப் பார்த்தார். அம்மா வலது கையால் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவர் லேசாகச் சிரித்தாற்போல் இருந்தது. அகப்பையைச் சட்டியில் வைத்துவிட்டார்.

பேச்சில்லாமல் இருக்கக் கூடாதென்று அப்பா கேட்டார். "சுத்தி ஒரே தண்ணி. வழி எப்படித் தம்பி தெரியும்?"

"வழியெல்லாம் மேல நிக்கிறவங்களுக்குத் தெரியும்ணா. எங்களுக்கு ரெண்டு பக்கம் தெரிஞ்சாப் போதும். ஸ்டார்போர்டு, போர்ட்டு."

"அப்படின்னா?"

"ஸ்டார்போர்டுன்னா கப்பலுக்கு வலது பக்கம். போர்ட்டுன்னா இடது."

"அத வலது எடதுன்னே சொல்லிட்டுப் போறது. அதுக்கு எதுக்கு ஒரு இங்கிலீஸு?"

"நான் இப்படி நிக்கிறேன், நீங்க என்னப் பாத்து நிக்கிறீங்க. என் வலது உங்களுக்கு எடது. ராத்திரி மழையில ஒருத்தன் வலதுன்னு கத்துனா யாரு வலதுன்னு எடுத்துக்கறது? ஆளு திரும்புவான், கப்பலோட வலது திரும்பாதுல்ல."

"சாப்புடறப்பவும் கப்பலா?" என்றாள் அவருடைய அம்மா. "இவன் வாயில சோறு போறதவிட கப்பல் வர்றது ஜாஸ்தி."

அப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "ஸ்டார்போர்டுன்னா நட்சத்திரமா தம்பி? டிப்போவுல ஒரு தொர சொல்லுவாரு, ஸ்டாருன்னா நட்சத்திரம்னு."

"நானும் அப்படித்தாண்ணா நெனச்சேன். எங்க சாரங்கு, கலாசிங்களுக்கு மேஸ்திரி, அவருதான் சொன்னாரு, அது ஸ்டியருன்னு. லாரியில ஸ்டியரிங் இருக்குல்ல, அந்த ஸ்டியர். போர்டுன்னா பலகை. இப்ப சுக்கான் கப்பலுக்குப் பின்னால இருக்கு. ரொம்பக் காலத்துக்கு முன்ன அது கெடையாதாம். துடுப்பு மாதிரி ஒரு பெரிய பலகையப் பக்கவாட்டுல தொங்கவிட்டு, அதப் புடிச்சுத்தான் கப்பலத் திருப்புனாங்களாம். புடிக்கிறவங்க முக்கால்வாசிப் பேரு சோத்தாங்கைக்காரங்க. அதனால பலகை வலது பக்கம். திருப்புற பலகைப் பக்கம். வாயிலயே தேஞ்சு தேஞ்சு ஸ்டார்போர்டு ஆயிடுச்சு."

"பாரேன்" என்றார் அப்பா. "நாம சோத்த வெச்சுப் பக்கம் சொல்றோம், அவன் சுக்கான வெச்சுச் சொல்லியிருக்கான்."

மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, கொஞ்சம் சத்தமாக, கதவுப் பக்கம் பார்த்துச் சொன்னார். "அவ்வளவுதாண்ணா விஷயம். கப்பல் ஓட்டுனவங்கள்ல முக்கால்வாசிப் பேரு பீச்சாங்கைக்காரங்களா இருந்திருந்தா, பலகை அந்தப் பக்கம் தொங்கியிருக்கும். பேரும் அந்தப் பக்கம் போயிருக்கும். ஒருத்தரும் தப்புன்னு சொல்லியிருக்க மாட்டாங்க."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

"அப்ப போர்ட்டு?" என்று நான் கேட்டேன்.

"பலகை தொங்குற பக்கத்தக் கரையில மோத விட்டா நொறுங்கிடும்ல. அதனால கரைக்கு வர்றப்போ எடது பக்கத்தத்தான் குடுப்பாங்க. மூட்டை ஏத்துறது, ஆளு எறங்குறது எல்லாம் அதுல. துறைமுகத்துப் பக்கம். வீட்டுக்கு வர்றவன் அந்தப் பக்கமாத்தான் எறங்கி வருவான்."

சாப்பாடு முடிந்து கொல்லையில் கை கழுவும்போது, அவருடைய அம்மா எங்கள் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கும் இந்தக் கட்டு, இன்னிக்கும் இந்தக் கட்டு. எந்தச் சுடுதண்ணிக் காயம் இத்தினி நாளு ஆறாம நிக்கும்?"

"ஆழமா வெந்துருச்சுங்க."

"பிரிச்சுக் காட்டு. நானும் ஒரு பொண்ணு பெத்துக் குடுத்தவதான்."

"வைத்தியரு பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

அந்த அம்மாளின் முகம் ஜன்னல் சாத்தினமாதிரி ஆகிவிட்டது. கட்டுக்குள்ளே பெரிய வியாதி என்று நினைத்துவிட்டாள். தோல் மரத்து, விரல் மழுங்கிப்போகிற அந்த வியாதியின் பெயரைக்கூட அப்போதெல்லாம் சொல்ல மாட்டார்கள். சோற்றைச் சாப்பிட்டுவிட்டோமே என்பதுபோல் தன் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். "வைத்தியரு பிரிக்கிறப்போ சொல்லி அனுப்புங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்" என்றாள்.

மாமா வாசலிலிருந்து கேட்டிருக்க வேண்டும். "அம்மா, நாளைக்கு ஞாயித்துக்கெழம, படகு சும்மாத்தான் நிக்கும். நான் போற எடம் எப்படி ஆடும்னு ஒரு தடவ பாக்கணும்னியே. வா, காட்டுறேன். அவங்களும் வரட்டும்."

அன்றைக்கு ராத்திரி அப்பாவும் அம்மாவும் மெல்லிய குரலில் சண்டை போட்டார்கள். பிரித்துக் காட்டினால், எதற்குக் கட்டினீர்கள் என்பார்கள். பீச்சாங்கைக்காரி, அதற்குமேல் பொய்க்காரர்கள் என்றாகிவிடும். காட்டாவிட்டால் வியாதிக்காரி என்று ஸ்ரீராம்புரம் முழுக்கப் பரவும். அப்புறம் இந்தப் பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கூடாரத்துக்கு ஓட்டை தெரியாமல் ஒட்டுப்போடத் தெரிந்த அப்பாவுக்கு இதற்கு வழி தெரியவில்லை. இருட்டில் அத்தை குரல் மட்டும் கேட்டது. "நாளைக்கு நான் போறேண்ணா."

காலையில் நல்ல பனி. பட்டாளம் கழித்துப்போட்ட தட்டைப் படகு அது, பெயிண்ட் உரிந்து கிடக்கும். அப்பாவுக்குத் தண்ணீர் பயம். அவரும் அம்மாவும் படியிலேயே நின்றுகொண்டார்கள். நான் முன்னால் உட்கார்ந்தேன். நடுவில் மாமாவின் அம்மா, இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் அத்தை. கடைசியில் மாமா. இரண்டு துடுப்பு இருந்தது. ஒன்று மாமா கையில், மற்றது அத்தையின் காலடியில்.

கரை மறைந்துபோயிற்று. ஆகாயத்தாமரைப் பூக்கள் ஊதா நிறத்தில், தண்டில்லாமல் பனியிலேயே பூத்தமாதிரி மிதந்தன. எங்கேயோ கோவில் மணி அடித்தது. எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்ல முடியாது. மாமா வலது பக்கமே துடுப்பைப் போட்டார். படகு மெதுவாக இடது பக்கம் திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது. அதே பூக்கள் மறுபடி வந்தன. அதே நீர்க்கோழி மறுபடி வந்து எங்களைப் பார்த்தது.

"ஏண்டா சுத்துறே? எனக்குத் தல சுத்துதுடா."

"போர்ட்டுப் பக்கம் ஆளில்லம்மா. ஒரு பக்கமே போட்டாச் சுத்தத்தான் செய்யும்."

"அப்ப இன்னொரு ஆளக் கூட்டியாந்திருக்கணும்."

"கூட்டியாந்துதாம்மா இருக்கேன்."

இன்னொரு சுற்று. நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை பல்லால் கட்டின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். காடாத்துணி சுற்றுச் சுற்றாகப் பிரிந்து தண்ணீரில் விழுந்து, மஞ்சளாக நீண்டு, பூக்களுக்கு நடுவில் பாம்பு மாதிரி போயிற்று. உள்ளேயிருந்து கை வந்தது. வெயில் படாமல் வெளுத்து, துணி மடிப்பின் கோடுகளோடு, தூங்கி எழுந்த குழந்தை முகம் மாதிரி இருந்தது. அந்தக் கை துடுப்பை எடுத்தது. நேராகப் போக ஆரம்பித்தோம்.

மாமாவின் அம்மா ஆடிக்கொண்டே திரும்பி உட்கார்ந்து, அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். திருப்பிப் பார்த்தாள். நகத்தால் கீறிப் பார்த்தாள். அப்புறம் ஓங்கிக் கிள்ளினாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"நல்லா வலிக்குதா?"

"நல்லாவே வலிக்குது அத்தே."

"அப்புறம் எதுக்குடி கட்டுனீங்க?"

"எல்லாத்துக்கும் இந்தக் கைதான் மொதல்ல வருது. அதான்."

அந்த அம்மாள் கையை விடாமல் அத்தையைப் பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படகு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவிகளா, ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல. இதுக்கா? மில்லுல எம் பக்கத்து மிசின்காரி பீச்சாங்கைதான். நூலு அறுந்தா மொதல்ல முடிபோடறவ அவதான். சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றப்போ மட்டும் சோத்தாங்கையில பரிமாறு. மத்த நேரம் எந்தக் கையோ, எனக்கு என்ன."

பனிக்குள் துடுப்புப் போடுகிற சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கேட்டது.

படிக்கு வரும்போது படகின் இடது பக்கத்தைத்தான் கொடுத்தார். அப்பா குனிந்து கையை நீட்டினார். அத்தை பழக்கத்தில் இடது கையை நீட்டிவிட்டாள். கட்டு இல்லாத கை. அப்பா ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார், அப்புறம் மாமாவின் அம்மாவைப் பார்த்தார். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா அந்தக் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார்.

மாமா கப்பலுக்குப் போய் வந்தார், மறுபடியும் போனார், அப்புறம் தன் அம்மாவின் மில்லிலேயே சேர்ந்துகொண்டார். அவர் காலமாகியே வெகு காலம் ஆகிறது. அகப்பையை அத்தை ஸ்ரீராம்புரத்துக்குக் கொண்டுபோனாள். எவர்சில்வர் வந்தபோது அது எந்த மூலைக்குப் போனதோ. கோலியைத் தேடுகிற நேரத்தில் அதையும் சேர்த்துத் தேடுவேன். ரொம்ப நாள் கழித்து, நானே தலை நரைத்து ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது, ஆகாயத்தாமரை அள்ளுகிறவன் ஒருவன் தனியாக ஒரே துடுப்பில், ஒரே பக்கம் போட்டுக்கொண்டு, கோடு கிழித்தமாதிரி நேராகப் போவதைப் பார்த்தேன். போடும்போது கடைசியில் மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்புகிறார்கள், அவ்வளவுதான். மாமாவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தினமும் தனியாகத்தானே போய்க்கொண்டிருந்தார்.

போன மாசம் அத்தைக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாய் கொஞ்சம் கோணியிருந்தது, பேச்சு குழறியது, ஆனால் ஆளை அடையாளம் தெரிந்தது. மருமகள் கட்டில் ஓரத்தில் அழுதுகொண்டிருந்தாள். "சாப்புடறது ஒண்ணு சோத்தாங்கையிலதானே, அது போயிடுச்சே அண்ணா, இனிமே யாராவது ஊட்டுனாத்தானே." நர்ஸ் பெண் கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து, "அஜ்ஜி, பாய் திறங்க" என்று கன்னடமும் தமிழுமாக வாயைத் திறக்கச் சொல்லி ஸ்பூனை நீட்டினாள்.

அத்தை வாயைத் திறக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து இடது கை வந்தது. தோல் சுருங்கி, நரம்பு தெரிய, நர்ஸின் கையிலிருந்து ஸ்பூனை வாங்கிக்கொண்டது.

"ஸ்டார்போர்டு தாண்டா போச்சு" என்றாள் என்னைப் பார்த்து. ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக. "கரைக்குக் குடுக்கற பக்கம் நல்லாத்தான் இருக்குது."

மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை குனிந்து கஞ்சியைக் கிளறினாள். எவர்சில்வர் கிண்ணத்தின் அடியில் ஸ்பூன் உரசுகிற சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் உரசுகிறது என்று பார்த்துக்கொண்டே, கிண்ணம் காலியாகும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.